இன்ச்சும் மில்லிமீட்டரும் கலந்துபோகாமல் வேலையை முடிப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

இன்ச்சில் போட்ட டிராயிங் கைக்கு வருகிறது, செய்ய வேண்டியது மில்லிமீட்டரில். அல்லது பாதி போல்ட் இம்பீரியல் (இன்ச்), பாதி மெட்ரிக் (மி.மீ.) என்று இருக்கும் பழைய மெஷின் ஒன்றைப் பிரித்துப் பூட்ட வேண்டும். இந்த மாதிரி வேலைக்குப் புதிதாக வருபவர்கள் முதலில் கால்குலேட்டரை எடுத்து 25.4-ஆல் பெருக்கத் தொடங்குவார்கள். அந்தப் பெருக்கலில் யாரும் தப்பு விட்டு நான் அதிகம் பார்த்ததில்லை. தப்பெல்லாம் அதற்கு முன்னாலும் பின்னாலும்தான் நடக்கிறது: எந்த எண்ணைப் பெருக்குகிறோம், அது உண்மையில் எந்த அலகு, வந்த விடையை எங்கே ரவுண்டு செய்கிறோம், அடுத்தவர் கையில் எப்படிக் கொடுக்கிறோம்.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். 25 மடங்கு தப்பு வந்தால் அது தன்னைத் தானே காட்டிக்கொடுத்துவிடும். ஷாஃப்ட் தீக்குச்சி மாதிரி வந்து நிற்கும், பார்த்ததும் சிரிப்பு வரும். 0.06 மி.மீ. தப்பு அப்படியில்லை, சத்தமில்லாமல் உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும். அதனால் கீழே உள்ள வரிசையில் கால்குலேட்டர் ஆறாவதாகத்தான் வருகிறது.

1. தொடங்கும் முன் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டியவை

வெர்னியர் காலிப்பர் ஒன்று, முடிந்தால் மைக்ரோமீட்டரும். மரை அளக்கும் பிட்ச் கேஜ் இரண்டு செட்: மெட்ரிக் ஒன்று, இன்ச் ஒன்று. ஒரே செட்டை வைத்துக்கொண்டு சமாளிக்கலாம் என்று நினைக்காதீர்கள், கையில் இருக்கும் செட்டில் எது கிட்டத்தட்டப் பொருந்துகிறதோ அதையே சரியென்று மனசு ஒப்புக்கொள்ளும்.

நன்றாகத் தெரிந்த சாம்பிள் நட்டுகள் சில. எம்5, எம்6, எம்8 (மெட்ரிக் அளவுகள், எண் மி.மீ.யில் விட்டம்), அவற்றுக்குப் பக்கத்து அளவான இன்ச் நட்டுகள், ஒவ்வொன்றிலும் பெயர் எழுதிய சீட்டு. இவை பிறகு பிட்ச் கேஜைவிட உதவும்.

டிஜிட்டல் காலிப்பராக இருந்தால் அலகு மாற்றும் பட்டன் எந்த நிலையில் இருக்கிறது என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள். தெரிந்த அளவுள்ள ஒரு பொருளை முதலில் அளந்துவிட்டுத்தான் வேலைப் பொருளைத் தொட வேண்டும். பத்து விநாடி வேலை இது.

கடைசியாக, மாற்றக் காரணிகளை ஒரே தாளில் எழுதி ஒட்டுங்கள். ஒரு இன்ச் என்பது 25.4 மி.மீ.; தோராயமாக அல்ல, துல்லியமாகவே அவ்வளவுதான், 1959 முதல் அது அப்படி நிர்ணயிக்கப்பட்ட எண். ஒரு பவுண்டு 0.45359237 கிலோ, அதுவும் துல்லியமான எண். ஆளுக்கொரு இடத்திலிருந்து ஆளுக்கொரு தசம இடம் வரை காரணி எடுத்தால், கடைசியில் யார் கணக்கு சரி என்று பேசிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

2. டிராயிங் எந்த அலகில் பேசுகிறது என்று முடிவு செய்யுங்கள்

டைட்டில் பிளாக்கைத்தான், அதாவது டிராயிங்கின் மூலையில் பெயர், அலகு எல்லாம் இருக்கும் கட்டத்தைத்தான், முதலில் படிக்க வேண்டும். இது எல்லோருக்கும் தெரியும், இருந்தாலும் பாதிப் பேர் செய்வதில்லை. அங்கே போட்டிருப்பதை அப்படியே நம்பவும் வேண்டாம், ஏனென்றால் பழைய டெம்ப்ளேட்டை எடுத்து அளவை மட்டும் மாற்றியவர்கள் நிறைய. எண்களின் முகமே அலகைச் சொல்லும், அதைப் பார்க்கப் பழகுங்கள்.

அமெரிக்க வழக்கப்படி போட்ட இன்ச் டிராயிங்கில் ஒன்றுக்குக் குறைவான அளவுக்கு முன்னால் பூஜ்யம் இருக்காது: .500 என்றுதான் இருக்கும். மில்லிமீட்டரில் 0.5 என்று பூஜ்யத்தோடு வரும், முழு எண்ணுக்குப் பின்னால் புள்ளியே இருக்காது. 6.35, 12.7, 19.05 என்று அடிக்கடி கண்ணில் பட்டால் அது இன்ச்சில் பிறந்து யாரோ ஏற்கெனவே ஒருமுறை மாற்றிய டிராயிங். அப்படியானால் மூல டிராயிங்கைக் கேட்டு வாங்குங்கள், காரணம் ஆறாவது படியில் வரும்.

இன்ச் டிராயிங்கில் கடைசிப் பூஜ்யத்துக்கும் வேலை உண்டு. பல டைட்டில் பிளாக்குகளில் இரண்டு தசம இடத்துக்கு ஒரு டாலரன்ஸ் (அளவு எவ்வளவு கூடலாம், குறையலாம் என்ற வரம்பு), மூன்று தசம இடத்துக்கு அதைவிட இறுக்கமான டாலரன்ஸ் என்று போட்டிருக்கும். ஆகவே .50-யும் .500-யும் வேறு வேறு கட்டளைகள். எக்செல்லில் தட்டினால் இரண்டும் 0.5 ஆகிவிடும், டாலரன்ஸ் போன இடம் தெரியாது.

பின்னத்தைப் பார்த்து எழுதும்போது கை நிதானம் வேண்டும். 1 1/2 என்பதில் இடைவெளி சின்னதாக இருந்தால் 11/2 ஆகிவிடும், ஐந்தரை இன்ச். ஐரோப்பிய டிராயிங்கில் 12,700 என்று கமா போட்டிருந்தால் அது பன்னிரண்டாயிரத்து எழுநூறு கிடையாது, பன்னிரண்டு புள்ளி ஏழு.

மேற்பரப்பு வழவழப்புக் குறியை மறந்துவிடாதீர்கள், புதியவர்கள் இதை அளவாகவே நினைப்பதில்லை. இன்ச் டிராயிங்கில் 32 என்றால் 32 மைக்ரோ இன்ச், அதாவது 0.8 மைக்ரான். அதை 3.2 மைக்ரான் என்று எண்ணிக்கொண்டு செய்தால் நான்கு மடங்கு சொரசொரப்பான பரப்பு கிடைக்கும். எல்லா நீளமும் சரியாக இருக்கும், சீல் மட்டும் கசியும்.

(அமெரிக்க டிராயிங் பெரும்பாலும் மூன்றாம் கோண வீழ்ப்பு, அதாவது வலப்பக்கத் தோற்றத்தை வலப்பக்கத்திலேயே வரையும் முறை. அலகுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, ஆனால் அலகிலேயே கவனமாக இருந்துவிட்டு வலப்பக்கத்தை இடப்பக்கமாகச் செய்து கொண்டுவந்தவர்கள் உண்டு.)

3. கையில் இருக்கும் பொருளை அளந்து ஊர்ஜிதம் செய்யுங்கள்

இந்தப் படியில் நேரத்தைத் தாராளமாகச் செலவழியுங்கள். மெட்ரிக்கிலும் இம்பீரியலிலும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி சில அளவுகள் இருக்கின்றன, வம்பு முழுக்க அவற்றில்தான்.

எம்8 போல்ட்டின் பெயரளவு விட்டம் 8 மி.மீ. 5/16 இன்ச் போல்ட் 7.94. வித்தியாசம் 0.06, கண்ணுக்கும் தெரியாது, கைக்கும் தெரியாது. ஆனால் எம்8-இன் சாதாரண மரை இடைவெளி 1.25 மி.மீ., 5/16 இன்ச் யுஎன்சி (அமெரிக்க இன்ச் அளவின் சாதாரண மரை) ஒரு இன்ச்சுக்கு 18, அதாவது 1.41 மி.மீ. ஒன்றின் நட்டை மற்றதில் போட்டால் முதல் ஒன்றிரண்டு சுற்று சமர்த்தாகப் போகும், அப்புறம் இறுகும். புதியவர் அந்த நேரத்தில் துரு என்று நினைத்து எண்ணெய் விட்டு ஸ்பேனர் போடுவார். அவ்வளவுதான், இரண்டு மரையும் காலி. விரலால் நான்கைந்து சுற்று போகாத எந்த நட்டுக்கும் ஸ்பேனர் போடக் கூடாது என்று ஒரே ஒரு விதி வைத்துக்கொண்டாலே இந்தத் தொல்லை பாதி ஒழியும்.

பிட்ச் கேஜ் இல்லாத நேரத்தில் ஒரு மரையை அளக்காதீர்கள், பத்து இடைவெளியைச் சேர்த்து அளந்து பத்தால் வகுங்கள். எம்8 என்றால் 12.5 மி.மீ. வரும், 5/16 யுஎன்சி என்றால் 14.1. ஒற்றை மரையில் ஒளிந்திருந்த வித்தியாசம் பத்தில் பளிச்சென்று தெரிந்துவிடும்.

இந்த உபாயமும் பலிக்காத ஜோடி ஒன்று உண்டு: எம்5-உம், இன்ச் வரிசையில் எண் 10, இன்ச்சுக்கு 32 மரை கொண்ட ஸ்க்ரூவும். மரை இடைவெளி 0.8, 0.794. பத்து சேர்த்தாலும் 0.06-தான் வேறுபாடு. விட்டம் பெயரளவில் 5.0, 4.83, ஆனால் உண்மையான ஸ்க்ரூ எதுவுமே பெயரளவைவிடக் கொஞ்சம் மெலிந்துதான் இருக்கும் என்பதால் காலிப்பரை மட்டும் நம்பித் தீர்ப்புச் சொல்ல முடியாது. எண் 10 ஸ்க்ரூ எம்5 நட்டுக்குள் தடையில்லாமல் கடைசி வரை போகும், பிடித்துக்கொண்ட மாதிரியே இருக்கும், சுமை வந்ததும் மரை உரிந்துகொண்டு வரும். இங்கேதான் சீட்டு எழுதி வைத்த சாம்பிள் நட்டு கைகொடுக்கும்: எம்5 ஸ்க்ரூ எண் 10 நட்டுக்குள் முரண்டு பிடிக்கும், எண் 10 ஸ்க்ரூ எம்5 நட்டுக்குள் லொடலொடக்கும்.

ஸ்பேனரில் 19 மி.மீ.யும் 3/4 இன்ச்சும் (19.05) ஒன்றுக்கொன்று மாற்றிப் போட்டால் பாதகமில்லை. 13 மி.மீ. ஸ்பேனரை 1/2 இன்ச் தலையில், அதாவது 12.7-இல் போட்டால் தாராளமாகப் பொருந்தும், பலமாகத் திருகும்போது மூலை உருண்டுவிடும். சில ஜோடிகள் ஒத்துப்போவதாலேயே எல்லாம் ஒத்துப்போகும் என்ற துணிச்சல் வந்துவிடுகிறது, அதுதான் சிக்கல்.

போல்ட் தலையில் இருக்கும் அடையாளத்தையும் படியுங்கள். மெட்ரிக் போல்ட்டில் 8.8, 10.9 என்று எண் இருக்கும். இன்ச் போல்ட்டில் கோடுகள்: மூன்று கோடு கிரேடு 5, ஆறு கோடு கிரேடு 8. கிரேடு 8-க்குப் பதிலாக 8.8 போட்டுவிட்டு இரண்டிலும் எட்டு இருக்கிறதே என்பார்கள். 8.8 என்பது ஏறத்தாழ கிரேடு 5 வலிமைதான். கிரேடு 8-க்கு நிகர் 10.9.

4. பெயரை அளவு என்று எண்ணாதீர்கள்

சில இன்ச் எண்கள் அளவே கிடையாது, வெறும் பெயர். அவற்றை 25.4-ஆல் பெருக்கினால் எந்த உலகத்திலும் இல்லாத ஒரு பொருள் கிடைக்கும்.

அரை இன்ச் பைப்பின் வெளிவிட்டம் 12.7 மி.மீ. இல்லை, 21.3. மெட்ரிக்கில் அதற்கு டிஎன்15 என்று பெயர், அதுவும் பெயர்தான். பைப் மரையில் இன்னொரு பொறி: பிஎஸ்பி (பிரிட்டிஷ் பைப் மரை), என்பிடி (அமெரிக்க பைப் மரை) இரண்டிலுமே அரை இன்ச்சுக்கும் முக்கால் இன்ச்சுக்கும் 14 மரைதான். மரையின் கோணம் பிஎஸ்பியில் 55 டிகிரி, என்பிடியில் 60 டிகிரி. ஒன்றோடொன்று சில சுற்று ஏறிக்கொள்ளும், டேப் சுற்றினால் நன்றாகப் பிடித்த மாதிரியும் இருக்கும், அழுத்தம் ஏற்றும்போது வண்டவாளம் வெளியே வரும். இந்த இரண்டு சைஸிலும் மரை எண்ணிப் பயனில்லை, கோணத்தைத்தான் கேஜ் வைத்துப் பார்க்க வேண்டும்.

தகட்டின் கனத்தைச் சொல்லும் கேஜ் எண் பொருளுக்குப் பொருள் மாறும். 16 கேஜ் இரும்புத் தகடு 1.52 மி.மீ., 16 கேஜ் அலுமினியம் 1.29. கம்பியில் அமெரிக்க கேஜ் 20 என்றால் 0.81, பிரிட்டிஷ் கேஜ் 20 என்றால் 0.91. டிராயிங்கில் கேஜ் எண் மட்டும் இருந்தால் மாற்றாதீர்கள், கேட்டு மி.மீ.யில் எழுதி வாங்குங்கள்.

எலெக்ட்ரானிக்ஸில் இருப்பவர்களுக்கு 0603. இன்ச் குறியீட்டில் 0603 ரெசிஸ்டர் 1.6 × 0.8 மி.மீ.; மெட்ரிக் குறியீட்டில் அதே 0603 என்றால் 0.6 × 0.3 மி.மீ., கண்ணுக்குத் தெரிகிற தூசி. இரண்டும் கடையில் கிடைக்கும் உண்மையான பாகங்கள், ஆர்டர் போடும்போது எந்த எச்சரிக்கையும் வராது.

5. ஒரே பெயரில் இரண்டு அலகு இருக்கிறதா பாருங்கள்

பவுண்டு நிறையையும் குறிக்கும், விசையையும் குறிக்கும். கிலோவும் பேச்சில் அப்படித்தான். விசை என்றால் ஒரு பவுண்டு 4.448 நியூட்டன், நிறை என்றால் 0.4536 கிலோ. எது என்று எழுதாத எண்ணைத் தொடாதீர்கள்.

டன் மூன்று வகை: 907 கிலோ, 1,000 கிலோ, 1,016 கிலோ. கேலன் இரண்டு: அமெரிக்க கேலன் 3.785 லிட்டர், இம்பீரியல் கேலன் 4.546. ஹார்ஸ்பவரிலும் இரண்டு உண்டு, 745.7 வாட் ஒன்று, 735.5 வாட் ஒன்று. மில் என்று யாராவது வாயால் சொன்னால் உடனே நிறுத்திக் கேளுங்கள், ஒருவருக்கு அது இன்ச்சில் ஆயிரத்தில் ஒன்று, இன்னொருவருக்கு மில்லிமீட்டரின் சுருக்கம்.

முறுக்கு விசைக்குத் தனியாக ஒரு நிமிடம் ஒதுக்குங்கள். 50 நியூட்டன் மீட்டர் போட வேண்டிய போல்ட்டுக்கு டார்க் ரென்ச்சின் மற்றப் பக்கத்து அளவுகோலைப் பார்த்து 50 அடி-பவுண்டு வைத்தால் 67.8 நியூட்டன் மீட்டர் ஆகிறது. போல்ட் உடையாது, அதனால் யாருக்கும் தெரியாது, நீண்டுபோய் பிறகொரு நாள் உடையும். அடி-பவுண்டையும் இன்ச்-பவுண்டையும் குழப்பினால் 12 மடங்கு, அது கையிலேயே உடைந்துவிடும், ஒருவகையில் நல்லது.

வெப்பநிலை வேறுபாட்டில் படித்தவர்களே வழுக்குவார்கள். 50 டிகிரி ஃபாரன்ஹீட் என்ற வெப்பநிலை 10 டிகிரி செல்சியஸ். ஆனால் 50 டிகிரி ஃபாரன்ஹீட் உயர்வு என்றால் அது 27.8 டிகிரி செல்சியஸ் உயர்வு. 32-ஐக் கழிக்கக் கூடாது, 1.8-ஆல் வகுத்தால் போதும். இதைக் கழித்துவிட்டு ஷாஃப்ட்டின் வெப்ப விரிவைக் கணக்கிட்டால் வர வேண்டியதில் மூன்றில் ஒரு பங்குதான் விடையாக வரும்.

6. இப்போது மாற்றுங்கள்: மூலத்திலிருந்து, ஒரே ஒரு முறை, ரவுண்டு கடைசியில்

முதலில் ஒரு கேள்வி. எண்ணை மட்டும் மாற்றுகிறீர்களா, பொருளையே மாற்றுகிறீர்களா? 1 இன்ச் ஷாஃப்ட்டை 25.4 மி.மீ. என்று எழுதுவது எண்ணை மாற்றுவது, பொருள் அதேதான். அதை 25 மி.மீ. ஆக்கி மெட்ரிக் பேரிங் போடுவது பொருளை மாற்றுவது. இரண்டாவதைச் செய்தால் பேரிங், ஹவுசிங், சீல், கீவே என்று அதோடு சேரும் எல்லாவற்றையும் சேர்த்தே மாற்ற வேண்டும். ஒரு டிராயிங்கில் பாதியை இப்படியும் பாதியை அப்படியும் செய்வதுதான் நான் பார்த்ததிலேயே மோசமான குழப்பம்.

பிறகு பெருக்குங்கள். எல்லா தசம இடத்தையும் அப்படியே வைத்திருங்கள். இடையில் ரவுண்டு செய்தால் என்ன ஆகும் என்பதற்கு என் கதையே போதும்: 3/8 இன்ச் இடைவெளியில் 24 ஓட்டைகள் கொண்ட ஒரு பட்டை. 9.525 என்பதை 9.5 என்று எழுதினேன், 0.025-இல் என்ன வந்துவிடப் போகிறது என்று. ஓட்டை 4.5, உள்ளே போக வேண்டிய பின் 4 மி.மீ., பக்கத்துக்குக் கால் மி.மீ. இடம் இருக்கிறதே. முதல் பின்னை நடுவில் பிடித்தால் பதினோராவது வரை போனது, பன்னிரண்டாவது இடித்தது. நடுவிலிருந்து வைத்துப் பார்த்தால் இரண்டு முனையும் இடித்தது. 23 இடைவெளிக்கு 0.575 மி.மீ. சேர்ந்திருந்தது. பரிசோதகர் ஒவ்வொரு இடைவெளியாக அளந்து எல்லாம் சரி என்று கையெழுத்தும் போட்டிருந்தார். அவர் மேல் தப்பில்லை, நான் எழுதிய அளவுக்கு எல்லாம் சரிதான்.

ஆகவே வரிசையாக வரும் ஓட்டைகளுக்கு ஒவ்வொன்றின் தூரத்தையும் முதல் ஓட்டையிலிருந்து இன்ச்சிலேயே கணக்கிட்டு, அதைத் தனித்தனியாக மாற்றி, கடைசியில் ரவுண்டு செய்யுங்கள். அப்போது பிழை சேராது.

டாலரன்ஸுக்கு வேறு முறை. நடு அளவையும் கூட்டல் கழித்தலையும் தனித்தனியாக மாற்றாதீர்கள், இரண்டு எல்லைகளையும் மாற்றி உள்பக்கமாக ரவுண்டு செய்யுங்கள். .750 ±.001 என்று இருந்தால் எல்லைகள் .751, .749. மி.மீ.யில் 19.0754, 19.0246. மேல் எல்லையைக் கீழே இறக்கி 19.075, கீழ் எல்லையை மேலே ஏற்றி 19.025. இதையே 19.05 ±0.03 என்று எழுதுபவர் இரண்டு பக்கமும் எல்லையைத் தாண்டுகிறார், மூலப்படி நிராகரிக்க வேண்டிய பீஸ் அவர் டிராயிங்கில் பாஸாகிவிடும்.

எதிர்ப்பக்கத் தப்பும் உண்டு. 3 இன்ச், கூட்டவோ குறைக்கவோ 1/16 என்று தாராளமாகச் சொன்ன அளவை 76.2 ±1.5875 என்று எழுதாதீர்கள். மெஷினில் நிற்பவர் அந்த நான்கு தசமத்தைப் பார்த்து இது ஏதோ நுணுக்கமான வேலை என்று பயந்துபோவார். 76.2 ±1.5 போதும்.

ஒருமுறை மாற்றியதைத் திரும்ப இன்ச்சுக்கு மாற்றி, அதை மறுபடி மி.மீ.க்கு மாற்றுவது கூடவே கூடாது. மூல டிராயிங்கைக் கேளுங்கள் என்று இரண்டாவது படியில் சொன்னது இதற்காகத்தான். ஒவ்வொரு சுற்றிலும் ஒரு ரவுண்டு பிழை ஏறும், யார் ஏற்றியது என்று கண்டுபிடிக்கவே முடியாது.

7. கோப்பிலும் மெஷினிலும் அலகை நீங்களே சொல்லுங்கள்

3டி வடிவத்தைச் சேமிக்கும் எஸ்டிஎல் கோப்பில் அலகே கிடையாது, வெறும் எண்கள். 2 என்று இருந்தால் அது 2 இன்ச்சா 2 மி.மீ.யா என்பது திறக்கும் மென்பொருளின் இஷ்டம். கோப்பின் பெயரிலேயே அலகை எழுதுங்கள், திறந்ததும் தெரிந்த ஒரு அளவை அளந்து பாருங்கள்.

சிஎன்சியில், அதாவது கணினி ஓட்டும் மெஷினில், ஜி20 என்ற கட்டளை இன்ச், ஜி21 மி.மீ. ஒருமுறை கொடுத்தால் மாற்றும் வரை அப்படியே நிற்கும், முந்தைய வேலையிலிருந்து மிச்சம் இருந்தாலும் சரி. அதனால் ஒவ்வொரு புரோகிராமின் தலையிலும் எழுதுங்கள், மெஷின் எப்போதும் மி.மீ.யில்தானே இருக்கும் என்று விடாதீர்கள். மி.மீ. புரோகிராம் இன்ச் நிலையில் ஓடினால் பெரும்பாலும் எல்லை தாண்டும் அலாரம் அடித்து நின்றுவிடும். டூல் ஆஃப்செட் (டூலின் நீளம், விட்டத்துக்கான திருத்த அளவு) எந்த அலகில் ஏற்றியிருக்கிறது என்பதையும், ஃபீடையும் (டூல் நகரும் வேகம்) சேர்த்துப் பாருங்கள். நிமிடத்துக்கு 10 இன்ச் என்பது 254 மி.மீ., அளவையெல்லாம் மாற்றிவிட்டு ஃபீடை மட்டும் 10 என்றே விட்டவர்கள் டூல் ஏன் தேய்த்துக்கொண்டே நிற்கிறது என்று விழிப்பார்கள்.

8. கைமாறும் இடத்தில் எண்ணைத் தனியாக அனுப்பாதீர்கள்

பெரிய விபத்துகளில் கணக்குப் போட்டவர்களுக்குக் கணக்கு தெரியாமல் இல்லை. ஒருவர் கையிலிருந்து அடுத்தவர் கைக்கு எண் மட்டும் போனது, அலகு போகவில்லை.

1983 ஜூலை 23, ஏர் கனடாவின் 767 விமானம். எரிபொருள் மானி வேலை செய்யாததால் டாங்கில் அளவுகோல் வைத்துப் பார்த்தார்கள்: 7,682 லிட்டர். பயணத்துக்குத் தேவை 22,300 கிலோ. லிட்டரை எடையாக்க 1.77-ஆல் பெருக்கினார்கள், 13,597 வந்தது, அதைக் கிலோ என்று எடுத்துக்கொண்டார்கள். 1.77 என்பது ஒரு லிட்டருக்கு எத்தனை பவுண்டு என்ற எண், கிலோவுக்கு 0.803 வேண்டும். உண்மையில் இருந்தது 6,169 கிலோ. 20,000 லிட்டருக்கு மேல் நிரப்ப வேண்டிய இடத்தில் ஏறத்தாழ 4,900 லிட்டர் நிரப்பிக் கிளம்பியதில் நடுவானில் இரண்டு இன்ஜினும் நின்று, கிம்லி என்ற இடத்தில் பழைய விமானப்படைத் தளத்தில் சறுக்கியே இறக்கினார்கள். அத்தனை பேரும் பிழைத்தது விமானிகளின் திறமை. இதில் கவனிக்க வேண்டியது, கணக்கைச் சரிபார்த்தபோதும் அதே 1.77-ஐ வைத்துத்தான் சரிபார்த்தார்கள், பெருக்கல் ஒவ்வொரு முறையும் சரியாகவே வந்தது.

1999 செப்டம்பர் 23-இல் தொலைந்த நாசாவின் மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டரும் இதே ஜாதி. தரையிலிருந்த ஒரு மென்பொருள் உந்து விசைக் கணக்கைப் பவுண்டு-விசை விநாடியில் கொடுத்தது. அதை வாங்கிக்கொண்ட மென்பொருள் நியூட்டன் விநாடி என்று படித்தது. 4.45 மடங்கு. 226 கி.மீ. உயரத்தில் செவ்வாயைச் சுற்றிப் போக வேண்டியது ஏறத்தாழ 57 கி.மீ. வரை இறங்கிவிட்டது. ஒவ்வொரு உந்தும் சின்னது, அதனால் தப்பு கத்தவில்லை, மாதக்கணக்கில் சேர்ந்தது. என் பட்டையில் சேர்ந்த 0.025 மாதிரிதான்.

செய்ய வேண்டியது எளிது. அட்டவணையின் ஒவ்வொரு நெடுவரிசைத் தலைப்பிலும் அலகு, கோப்பில் வரும் எண்ணுக்குப் பக்கத்தில் அலகு, காரணிக்கும் அலகு. 1.77 என்று எழுதாமல் லிட்டருக்கு 1.77 பவுண்டு என்று எழுதியிருந்தால் விடைக்குப் பக்கத்தில் பவுண்டு என்று தானாகவே வந்து நின்றிருக்கும். போனில் அளவு சொல்லாதீர்கள், சொன்னால் அலகோடு திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள்.

9. முதல் பீஸை வேறு வழியில் சரிபாருங்கள்

நீங்கள் மாற்றிய தாளை இன்னொருவரிடம் கொடுங்கள், மூலத்தைக் காட்டாமல். அவர் மி.மீ.யிலிருந்து இன்ச்சுக்குத் திருப்பட்டும். பிறகு மூலத்தோடு ஒப்பிடுங்கள். அவர் கையில் மூலம் இருந்தால் கண் தானாகவே அங்கே போய் ஒத்துப்போகும் விடையை எடுத்துக்கொள்ளும். காரணியையும் அவரே எடுக்கட்டும், உங்கள் தாளிலிருந்து வேண்டாம்.

தொடர் அளவுகளைக் கூட்டி மொத்த நீளத்தோடு ஒப்பிடுங்கள். மாற்றிய துண்டுகளின் கூட்டலும் மாற்றிய மொத்தமும் ஒத்துவராவிட்டால் எங்கேயோ ரவுண்டு விளையாடியிருக்கிறது.

முதல் பீஸ் வந்ததும், அளப்பதற்கு முன்னால், அதோடு சேர வேண்டிய உண்மையான பாகத்தை வைத்துப் பூட்டிப் பாருங்கள். காலிப்பர் நீங்கள் எழுதிய எண்ணைத்தான் ஆமோதிக்கும், எதிர்ப்பாகத்துக்கு அந்த எண் தெரியாது. முனையிலிருக்கும் ஓட்டைகளை முதலில் பாருங்கள், நடுவை அப்புறம்.

10. பழைய டிராயிங்கை எடுத்துவிடுங்கள்

வேலை முடிந்துவிட்டது என்று எல்லோரும் எழுந்துபோகும் இடம் இது. புது டிராயிங் வந்தாலும் பழையது அலமாரியில் இருக்கும், யாராவது ஒருநாள் எடுப்பார்கள்.

2003 டிசம்பர் 5-இல் டோக்கியோ டிஸ்னிலேண்டின் ஸ்பேஸ் மவுண்டனில் அச்சு முறிந்து பெட்டி தடம் புரண்டது. பல வருடங்களுக்கு முன்பே அந்தப் பாகத்தை இன்ச்சிலிருந்து மெட்ரிக்குக்கு மாற்றிவிட்டார்கள். ஆனால் பிறகு மாற்று அச்சு ஆர்டர் போட்டபோது எடுத்தது பழைய டிராயிங். அச்சு கொஞ்சம் மெலிந்து வந்தது, பேரிங்குக்கும் அதற்கும் நடுவில் 0.2 மி.மீ. இருக்க வேண்டிய இடைவெளி ஒரு மில்லிமீட்டருக்கு மேல் போனது. யாருக்கும் காயமில்லை.

ஆகவே பழைய தாளின் எல்லாப் பிரதிகளையும் தேடி எடுங்கள்: அலுவலகத்தில் ஒன்று, மெஷின் பக்கத்தில் எண்ணெய்க் கறையோடு ஒன்று, வாங்குபவர்களின் மின்னஞ்சலில் ஒன்று, சப்ளை செய்பவரிடம் ஒன்று. வைத்திருக்கத்தான் வேண்டும் என்றால் குறுக்கே பெரிதாக ரத்து என்று எழுதுங்கள். மாற்றிய பாகத்துக்குப் பழைய எண்ணையே கொடுக்காதீர்கள், புதுப் பாக எண் கொடுங்கள், ஒரு எழுத்தாவது மாறட்டும். பழைய அளவில் செய்து மீந்துபோன பீஸ்களையும், பிரித்தபோது ஒரே டப்பாவில் கொட்டிய போல்ட்டுகளையும் அன்றைக்கே பிரித்துவிடுங்கள், சாம்பிள் நட்டை வைத்து ஒவ்வொன்றாக, விரலால்.